ஒன்பது வளைவு: ஒரு மாலுமி பிரேஸ்லெட்டும் ஆஷ்லியின் புத்தகமும்

ரெண்டு மாசத்துக்கு முன்னாடி ஆர்.எஸ்.புரத்தில் நடந்த ஒரு கைவினைக் கண்காட்சியில் என் பொண்ணு ஒரு பிரேஸ்லெட் வாங்கினாள். விலை 350 ரூபாய். வெள்ளைப் பருத்திக் கயிறு, அதில் சின்னதாக ஒரு பித்தளை நங்கூரம். கூடவே ஒரு அட்டை. மாலுமிகளின் பாரம்பரிய முடிச்சு, ஒரே கயிற்றில் கையால் பின்னியது என்று அதில் அச்சடித்திருந்தது. பார்க்க அழகாகத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பதினோராவது நாள் மழையில் நனைந்து வீட்டுக்கு வந்தாள். அன்று ராத்திரியே நங்கூரத்துக்குப் பக்கத்தில் பிரேஸ்லெட் வாயைப் பிளந்துவிட்டது.

குப்பைக்குப் போக இருந்ததை வாங்கி மேஜை விளக்குக்கு அடியில் வைத்துப் பிரித்துப் பார்த்தேன். நங்கூரம் அலங்காரத்துக்கு வைத்ததில்லை, மூடி. அதைப் பெயர்த்தால் உள்ளே காய்ந்த பசை, அந்தப் பசைக்குள் வெட்டிய கயிற்று முனைகள். நம்ம வீடுகளில் தலைக்குப் பின்னுகிற அதே மூணு பிரிச் சடையைப் பின்னி, வளையமாக வளைத்து, முனைகளைப் பசையில் ஒட்டி, ஒட்டின இடத்தை நங்கூரத்தால் மறைத்திருக்கிறார்கள். மொத்தப் பொருளில் முடிச்சு என்று ஒன்றுகூட இல்லை.

ஊரிலிருந்து அம்மா வந்திருந்தார். கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதென்ன சாமி, முடிச்சுனு சொன்னே, முடிச்சையே காணமே?" என்றார். இந்தப் பொருளுக்கு அதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை என்னால் எழுத முடியாது. ஆனாலும் நீளமாக ஒன்று எழுதுகிறேன், ஏன்னா இதில் ஒரு கணக்கு இருக்கிறது. பிரிக்காமலே, வாங்கும்போதே கண்டுபிடித்திருக்கலாம்.

அட்டை சொல்கிற முடிச்சு நிஜமாகவே உண்டு. டர்க்ஸ் ஹெட் என்று பெயர், துருக்கியரின் தலைப்பாகை மாதிரி இருப்பதால். கப்பலில் கைப்பிடிகள் மேலும், கத்திப் பிடிகள் மேலும், சுக்கான் சக்கரத்தின் ஒரு ஆரத்திலும் இதைப் பின்னி வைப்பார்கள். ஆரத்தில் போட்டால் சுக்கான் நேராக நிற்கிற நிலை இருட்டில் கைக்குத் தட்டுப்படும். ஒரு உருளையைச் சுற்றி ஒரே கயிற்றை மேலே, கீழே, மேலே, கீழே என்று ஓட்டிப் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து சேர்ப்பதுதான் வேலை. அதே பாதையில் இன்னொரு சுற்று, வேண்டுமானால் மூணாவது சுற்றும் ஓட்டலாம். கடைசியில் ரெண்டு முனையையும் உள்பக்கம் பின்னலுக்கு அடியில் செருகிவிட்டால் முடிந்தது. பசை, கொக்கி, தையல் எதுவும் வேண்டாம். உராய்வே பிடித்துக்கொள்ளும். பருத்திக் கயிறாக இருந்தால் நனைந்து காய்ந்த பிறகு இன்னும் இறுகும். அமெரிக்காவின் நியூ இங்கிலாந்துக் கடற்கரை ஊர்களில் கோடை விடுமுறை ஆரம்பத்தில் பிள்ளைகள் கையில் மாட்டும் மாலுமி பிரேஸ்லெட் இதுதான். மாட்டி, நனைத்து, இறுகவிட்டு, அப்புறம் கழற்றவே மாட்டார்கள். கடைசியில் கத்தரிக்கோல்தான். அதாவது, எங்க வீட்டு பிரேஸ்லெட்டைக் கொன்ற அதே மழை, அசலாக இருந்திருந்தால் அதைக் கெட்டிப்படுத்தியிருக்கும்.

இப்போ கணக்கு. இந்தப் பின்னலுக்கு ரெண்டு எண் உண்டு. பட்டையின் அகலத்தில் எத்தனை தடம் ஓடுகிறது என்பது ஒன்று. ஓரத்தில் எத்தனை வளைவு தெரிகிறது என்பது இன்னொன்று. தடம், வளைவு என்பவை இந்தக் குறிப்புக்காக நான் வைத்துக்கொண்ட சொற்கள். ஆங்கிலத்தில் லீட், பைட் என்பார்கள். இந்த ரெண்டு எண்ணுக்கும் ஒன்றைத் தவிரப் பொது வகுத்தி இருக்கக் கூடாது. இருந்தால் ஒரே கயிற்றில் பின்னவே முடியாது. எத்தனை தனித்தனிக் கயிறு தேவை என்பதும் அந்த மீப்பெரு பொது வகுத்திதான். எட்டாம் வகுப்பில் மீ.பொ.வ. என்று படித்தோமே, அதேதான்.

மூணு தடத்துக்கு இதைச் சடையை வைத்தே சரிபார்க்கலாம். வலது ஓரப் பிரி நடுவுக்கு வரும், அப்புறம் இடது ஓரப் பிரி நடுவுக்கு வரும். இந்த ரெண்டு அசைவும் சேர்ந்தால் ஒரு வளைவு. ஒரு வளைவு முடிந்ததும் மூணு பிரியும் இடம் மாறி நிற்கும். மூணு வளைவு முடிந்தால் மூணும் தொடங்கின இடத்துக்கே திரும்பிவிடும். அதனால் வளைவுகளின் எண்ணிக்கை மூணின் மடங்காக இருந்தால் ஒவ்வொரு பிரியும் தன் வாலைத் தானே பிடித்துத் தனி வளையமாகிவிடும். 3 தடம், 3 வளைவு போட்டால் கிடைப்பது கணிதக்காரர்கள் போரோமியன் வளையங்கள் என்று சொல்கிற பொருள்: எந்த ரெண்டு வளையமும் ஒன்றோடொன்று கோத்திருக்காது, ஆனால் மூணையும் பிரிக்கவும் முடியாது. நகையாக அதுவும் அழகுதான். ஆனால் அது ஒரே கயிறு இல்லை.

கிழிந்த பிரேஸ்லெட்டின் ஓரத்தை எண்ணினேன். ஒன்பது. 3 தடம், 9 வளைவு. ஒரே கயிறு என்ற அட்டை, பசையைப் பார்ப்பதற்கு முன்பே கணக்கில் தோற்றுவிட்டது. அசலாகப் பின்னுகிறவர்கள் ரெண்டு வளைவில் தொடங்கி மூணு மூணாகக் கூட்டிக்கொண்டு போவார்கள்: 2, 5, 8, 11. இல்லாவிட்டால் 4, 7, 10. ஒன்பது வரவே வராது. கடையில் நிற்கும்போது அரை நிமிஷத்தில் இதை எண்ணிவிடலாம். ஒரு எச்சரிக்கை: எட்டோ பத்தோ வந்துவிட்டால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது. சடையை எட்டு வளைவில் வெட்டியும் ஒட்டலாம். ஒன்பது என்றால் நிச்சயம் ஏமாற்று, எட்டு என்றால் மூட்டைத் தேடிப் பார்க்கணும். அவ்வளவுதான்.

இந்தக் கணக்கை முடிச்சுக்காரர்கள் எல்லோரும் தேடிப்போகும் இடம் தி ஆஷ்லி புக் ஆஃப் நாட்ஸ். எழுதியவர் கிளிஃபர்ட் ஆஷ்லி, 1881இல் நியூ பெட்ஃபோர்டில் பிறந்தவர், தொழிலால் ஓவியர். 1904இல் சன்பீம் என்ற திமிங்கில வேட்டைக் கப்பலில் போய் வந்தவர். 11 வருஷம் உழைத்து 1944இல் புத்தகத்தை வெளியிட்டார். 3,800க்கும் மேல் எண்ணிட்ட பதிவுகள், சுமார் 7,000 படங்கள், எல்லாம் அவரே வரைந்தவை. மூணு வருஷத்தில் இறந்துவிட்டார். இன்றைக்கு யூடியூபில் முடிச்சு நகை சொல்லிக்கொடுக்கிறவர்களில் பாதிப் பேர் நேராகவோ சுற்றியோ இந்த ஒருவரிடம் கடன் வாங்கியவர்கள்.

புத்தகத்தை நான் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் படித்தேன். என் எடுத்த எடுப்பு அபிப்பிராயம், இது ஒரு டேட்டாபேஸ் என்பது. எண், படம், நாலு வரி. எண், படம், நாலு வரி. உயிரைக் காக்கிற முடிச்சும் மேஜை விரிப்புக் குஞ்சமும் பக்கத்துப் பக்கத்தில் ஒரே அளவு எழுத்தில் நிற்கும். இது புத்தகத்தின் நிஜமான குறை என்றுதான் இப்பவும் நினைக்கிறேன். அவசரமாகப் புரட்டுகிறவன் கண்ணுக்குப் படம் மட்டும் மிஞ்சும். படத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் டர்க்ஸ் ஹெட்டும் ஒட்டின சடையும் ஒன்றுதான், வரைந்தால் வித்தியாசமே தெரியாது. இன்றைய பிரேஸ்லெட் சந்தை ஆஷ்லியிடமிருந்து எடுத்துக்கொண்டது அந்தப் படத்தைத்தான்.

ஆனால் அந்த நாலு வரியைப் படித்தால் வேறொரு ஆள் தெரிவார். இந்த முடிச்சை எங்கே பார்த்தேன், யார் கையில் பார்த்தேன், எது என் சொந்தக் கற்பனை என்று சொல்லிக்கொண்டே போவார். எனக்கு ரொம்பப் பிடித்தது 526ஆம் எண். சிப்பி பிடிக்கும் படகுகளில் கயிற்று முனையில் புதுமாதிரி ஒரு முடிச்சைத் தூரத்திலிருந்து பார்த்திருக்கிறார். அதே மாதிரி வரணும் என்று முட்டி மோதி ஒன்றைக் கண்டுபிடித்தார். பிற்பாடு கிட்டே போய்ப் பார்த்தால், அது சாதாரண எட்டு வடிவ முடிச்சு, தண்ணீரில் ஊறி உப்பியிருந்தது, அவ்வளவுதான். அவர் கண்டுபிடித்தது நல்ல முடிச்சு. இன்றைக்கும் பயன்படுகிறது, ஆஷ்லி ஸ்டாப்பர் என்று அவர் பெயரே அதற்கு. மாலுமிகளின் பாரம்பரிய முடிச்சு என்று போட்டிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அவர் உள்ளதை எழுதிவைத்தார்.

பாரம்பரியம் என்ற சொல்லைப் பற்றியும் ரெண்டு வரி. பிரேஸ்லெட்டிலும் மேக்ரமேயிலும் அதிகம் வருவது சதுர முடிச்சு. ரெண்டு நடுக்கயிற்றைச் சுற்றி இடமும் வலமும் மாறி மாறிப் போடுவது. அதன் அடிப்படை ரீஃப் நாட். பாயைச் சுருக்கிக் கட்டும் முடிச்சு என்பதால் மாலுமி முடிச்சு என்கிறோம். ஆனால் இதே முடிச்சை ஹெர்குலிஸ் முடிச்சு என்று கிரேக்கர்கள் பொன்னில் செய்து நெற்றியில் கட்டிக்கொண்டது கி.மு. நாலாம், மூணாம் நூற்றாண்டுகளில். இந்த முடிச்சால் கட்டிய காயம் சீக்கிரம் ஆறும் என்று ரோமரான பிளினி எழுதிவைத்தார். அங்கேயும் பொன் முடிச்சு எதையும் முடியவில்லை, அது பொற்கொல்லர் செய்த வடிவம். ஆனால் யாரும் அதை ஒரே கயிறு என்று சொல்லி விற்கவில்லை. ஆஷ்லியே, ரெண்டு கயிறுகளை இணைக்க இந்த முடிச்சை நம்பாதீர்கள் என்று கடுமையாக எச்சரிப்பார். எத்தனையோ உயிர்களை அது வாங்கியிருக்கிறது என்பது அவர் கட்சி. நகையில் அது வெறும் அலங்காரம், அதனால் பாதகமில்லை. கீ-செயினாக விற்கிற குரங்கு முஷ்டி முடிச்சு அப்படியில்லை. கப்பலிலிருந்து துறைக்கு எறியும் கயிற்றின் நுனிக்கு எடை தருகிற பந்து அது. அதற்குள் இரும்புக் குண்டு வைத்து விற்கிறார்கள். கீழே நிற்பவரின் மண்டை உடையும் என்பதால் பிரிட்டிஷ் வணிகக் கப்பல்களுக்கான பாதுகாப்பு நெறிமுறை அந்தப் பந்தில் கயிற்றைத் தவிர வேறு எடை சேர்ப்பதையே தடுத்திருக்கிறது.

கடலே இல்லாத ஊரில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் எதுக்கு என்று கேட்கலாம். எனக்கும் அந்த உறுத்தல் உண்டு. அந்த அட்டையில் நங்கூரம், சுக்கான் சக்கரம், கலங்கரை விளக்கம் எல்லாம் இருந்தது. கேட்டமரான் என்று உலகம் பூரா சொல்கிற சொல்லே நம்ம கட்டுமரம்தான். 1697இல் வில்லியம் டாம்பியரின் பயணப் புத்தகத்திலேயே அது ஆங்கிலத்தில் ஏறிவிட்டது. பெயரிலேயே கட்டு இருக்கிறது. ஆணி கிடையாது, மரங்களைக் கயிற்றால் சேர்த்துக் கட்டி ஓட்டுவது. கரைக்கு வந்ததும் கட்டை அவிழ்த்து மரங்களைக் காயப் போடுவார்கள், மறுபடி கட்டுவார்கள். அலையில் நெகிழாத, ஆனால் கரையில் கையால் அவிழ்க்க முடிகிற கட்டு. 2004 சுனாமிக்குப் பிறகு ஃபைபர் படகுகள் பெருகி, கட்டுமரம் பல கடற்கரைகளில் அருகிவிட்டது. ஆஷ்லியின் கடல் நியூ பெட்ஃபோர்டில் தொடங்குகிற கடல், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. நம்ம கரைக் கட்டுகளை ஒவ்வொன்றாக எண் போட்டு வரைந்து வைக்க நமக்கு ஒரு ஆஷ்லி அமையவில்லையே என்ற வருத்தம் மட்டும் எனக்கு உண்டு. சீன அலங்கார முடிச்சுகளுக்கு அப்படி ஒருவர் அமைந்தார். தைவானில் லிடியா சென் 1980களின் தொடக்கத்தில் போட்ட புத்தகத்துக்குப் பிறகுதான் அது உலகம் பூராவும் கற்கிற கலையானது.

முடிச்சு நகை நமக்குப் புதுசும் இல்லை. அரைஞாண் கயிறு ஒன்று. நோன்புக்குக் கட்டுகிற காப்புக் கயிறு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே மஞ்சள் கயிற்றில் போடுகிற மூணு முடிச்சு. பொன்னைத் தாங்குகிறது நூல், நூலைத் தாங்குகிறது முடிச்சு. பிற்பாடு தங்கச் சங்கிலிக்கு மாற்றும்போதுதான் கொக்கியும் திருகும் வருகின்றன. பருத்தி நூல், தினம் தண்ணீர், வேர்வை, மஞ்சள். முடிச்சு இறுகுமே தவிர அவிழாது. அம்மா தேடியது இதைத்தான் என்று நினைக்கிறேன். அவர் வளர்ந்த காங்கேயம் பக்கத்து வீட்டில் விட்டத்தில் உறி தொங்கும். நெய்ச் சட்டியும் தயிர்ச் சட்டியும் பூனைக்கு எட்டாமல் அதில் இருக்கும். இன்றைக்கு மேக்ரமே பிளான்ட் ஹேங்கர் என்று ஆயிரம் ரூபாய்க்கு விற்பதும் அதே அமைப்புதான், சட்டிக்குப் பதிலாகப் பூந்தொட்டி. மாட்டுப் பொங்கலுக்கு முந்தின வாரம் டவுன்ஹால் பக்கம் போனால் மூக்கணாங்கயிறும் கழுத்துக் கயிறும் கலர் கலராகத் தொங்கும். அலங்காரம்தான், ஆனால் பசை போட்டு ஒட்டின மூக்கணாங்கயிற்றை யாராவது வாங்குவார்களா? காளை முதல் இழுப்பிலேயே விமர்சனம் எழுதிவிடும்.

கணக்குக்கும் இங்கே ஒரு சொந்தம் உண்டு. அம்மா போடும் சிக்குக் கோலத்தில் இதே மீ.பொ.வ. வருகிறது. செவ்வகமாகப் புள்ளி வைத்து, எல்லாப் புள்ளியையும் சுற்றி நேர்ச்சிக்கு இழுத்தால் 3க்கு 4 புள்ளியில் ஒரே இழையில் முடியும். 3க்கு 3 வைத்தால் மூணு தனி இழை. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமனியும் கூட இருந்தவர்களும் 1970களில் கோலத்தைக் கணினி இலக்கணமாக எழுதியது தெரிந்த விஷயம். நான் செய்தது அந்த அளவுக்கில்லை. இருபது வரி பைத்தானில் தடத்தையும் வளைவையும் கொடுத்தால் எத்தனை கயிறு என்று சொல்கிற ஒரு சின்ன நிரல், அவ்வளவுதான். அம்மாவிடம் காட்டினேன். "எண்ணிப் பாத்தாலே தெரியுமே, இதுக்கு எதுக்குடா கம்ப்யூட்டரு?" என்றார்.

இதோடு நிறுத்தியிருப்பேன். ஆனால் என் பொண்ணு இதைக் காலேஜ் சமாச்சாரமாக்கிவிட்டாள். அவளும் மூணு தோழிகளும் காலேஜ் விழாவில் ஒரு ஸ்டால் போடுகிறார்கள், நாற்பது பிரேஸ்லெட் வேண்டும். நான் ஒரு வாரமாக டர்க்ஸ் ஹெட் பழகிக்கொண்டிருந்தேன். முதல் பிரேஸ்லெட்டுக்கு நாலு மணி நேரம், மூன்றரை மீட்டர் கயிறு. பின்னுவது சுலபம், தளர்வை முழுப் பாதையிலும் தள்ளித் தள்ளி இறுக்குவதுதான் உயிர் போகிற வேலை. இப்போ நாற்பது நிமிஷத்துக்கு வந்திருக்கிறேன். ஒட்டுகிற சடைக்கு எட்டு நிமிஷம். கயிறு ரெண்டுக்கும் ஏறக்குறைய ஒரே விலை.

"அப்பா, ரெண்டும் பாக்க ஒண்ணு மாதிரிதான இருக்குது? யாரு எண்ணிப் பாக்கப் போறாங்க?" என்றாள். நான் பாரம்பரியம், உராய்வு, உறி என்று ஆரம்பித்தேன். அவள் குறுக்கே வந்தாள்: "நீங்க எழுதற கோடுல முக்கால்வாசி அடுத்தவங்க லைப்ரரிதானே? அதெல்லாம் பசை இல்லியா?"

பதில் சொல்ல ஒரு நாள் ஆனது. அவள் சொன்னதில் பாதி சரி. ஒட்டின சடையில் தப்பே இல்லை. எட்டு நிமிஷத்தில் முடிகிற, குறைந்த விலைக்கு விற்கிற, காலேஜ் பிள்ளைகள் ரெண்டு மாசம் போட்டுவிட்டுத் தூக்கிப்போடுகிற பொருளுக்கு அது போதும். எல்லாரும் நாற்பது நிமிஷம் முக்கணும் என்று சொல்ல நான் யார், என் சம்பளம் கயிற்றிலிருந்து வரவில்லை. ஆனால் அடுத்தவர் லைப்ரரியை எடுத்தால் நான் அவர் பெயரை லைசன்ஸ் ஃபைலில் போடுகிறேன். கண்காட்சிக்காரர் மேல் எனக்கிருந்த கோபம் பசைக்காக என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லை, அட்டைக்காக. இந்தக் குறிப்பின் முதல் வடிவத்தில் பசையைத் திட்டி மூணு பத்தி இருந்தது, அதை எடுத்துவிட்டேன்.

ஸ்டாலில் ரெண்டு தட்டு வைத்தார்கள். ஒன்றில் மூணு பிரிச் சடை, பசை மூட்டு, தண்ணீரில் நனைக்க வேண்டாம், 120 ரூபாய். இன்னொன்றில் டர்க்ஸ் ஹெட், 3 தடம், 8 வளைவு, ஒரே கயிறு, 300 ரூபாய். ரெண்டாவது தட்டில் ஆறுதான் இருந்தது, ஆறும் நான் பின்னியது. சடை முப்பத்தொன்று போனது. டர்க்ஸ் ஹெட் நாலு. நான் சாயங்காலம் போனபோது ஒரு பையன் ரெண்டாவது தட்டுக்கு முன்னால் நின்று, அட்டையைப் படித்துவிட்டு, விரலால் ஓரத்தைத் தொட்டு எண்ணிக்கொண்டிருந்தான். எட்டு சரியாக வந்தது. அவன் மணிக்கட்டு கொஞ்சம் தடிமன், ஏறவில்லை. இதிலேயே ஒன்பது இருக்குதுங்களா என்று கேட்டான்.

"ஒம்பது வராதுங்க," என்றாள் என் பொண்ணு. "பத்து வேணும்னா பின்னித் தர்றோம், திங்கக்கிழமை வந்து வாங்கிக்கறீங்களா?"